செயலாளர் அண்ணாச்சி கதவைத் தட்டுமுன்

மேலகரத்தில் ஒரு மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வீடுகள். நுழைவாயிலில் ஒரு வளைவு, வளைவில் நலச்சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும். மூன்றாவது தெருவில் ஒரு பெண் முறுக்கும் அதிரசமும் போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் அவர் வாசலில் ஸ்கூட்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பதினோராம் நாள் செயலாளர் வருகிறார். "மதினி, இது குடியிருப்புப் பகுதி. இங்க யாவாரம் பண்ணக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கு." அந்தப் பெண் அடுப்பை அணைத்துவிடுகிறார்.

அன்றைக்கே அணைத்திருக்க வேண்டியதில்லை. "எந்த விதி, எந்தக் கூட்டத் தீர்மானம் அண்ணாச்சி? நகல் ஒண்ணு தாங்க, படிச்சுப் பாக்கேன்" என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் பாதி இடங்களில் பேச்சு அங்கேயே வேறு பக்கம் திரும்பிவிடும். மீதிப் பாதியில் உண்மையிலேயே விதி இருக்கும். உங்கள் வீடு இதில் எந்தப் பாதி என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தொழில் செய்வது தென்காசிக்காரர்களுக்குப் புதிதே அல்ல. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றாத தெருவைத் தேடத்தான் வேண்டும். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், கை வேலை பார்க்க வாய் ஊர்க்கதை பேசும். பல குடும்பங்களில் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அந்தத் தட்டுதான். சட்டமும் இதை அறியாமல் இல்லை. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், சொந்த வீட்டில் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்துத் தனக்காகத் தொழில் செய்பவரைத் தன் பிடிக்கு வெளியே விட்டது. கம்பெனிக்காக இலை வாங்கி வந்து வீட்டில் சுற்றுகிறவரையோ தொழிலாளி என்று ஏற்றது. வீட்டுக்குள் நடந்தாலும் அது வேலைதான், தொழில்தான் என்று அறுபது ஆண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஊர் இது. வளைவும் காவலாளியும் வந்த பிறகுதான் 'குடியிருப்புப் பகுதியில் தொழிலா?' என்ற கேள்வியே நம் பக்கம் எட்டிப் பார்த்தது.

எந்தச் சங்கம்?

எல்லாச் சங்கத்துக்கும் ஒரே அதிகாரம் இல்லை. நம் வட்டாரத்தில் மூன்று வகை உண்டு. மூன்றுமே ரசீதுப் புத்தகம் வைத்திருக்கும் என்பதால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது.

தென்காசி, மேலகரம், இலஞ்சி, குத்துக்கல்வலசை பக்கம் நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை முதல் வகை: 'நகர் குடியிருப்போர் நலச்சங்கம்'. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானவை. தெருவிளக்குக்கு மனுக் கொடுப்பது, பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துவது, கேமரா மாட்டுவது இவற்றின் வேலை. சேர்ந்தவரை மட்டுமே இந்தச் சங்கத்தின் விதி கட்டுப்படுத்தும். சேராதவரின் மனையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்ல இதற்கு அதிகாரம் கிடையாது. சேர்ந்திருந்தாலும், பதிவு செய்த துணைவிதியில் இல்லாத தடையை ஒரு மாலைக் கூட்டத்தில் பத்துப் பேர் கைதூக்கிக் கொண்டுவந்துவிட முடியாது. துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். திருத்தம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவாக வேண்டும். அங்கே மனுவும் கட்டணமும் கொடுத்துத் துணைவிதியின் நகலைக் கேளுங்கள். கையோடு, சங்கம் ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறதா என்றும் விசாரியுங்கள். பல ஆண்டுகளாக எதுவும் தாக்கல் செய்யாத சங்கம் உங்களுக்கு விதி சொல்ல வந்தால், அந்தத் தகவல் உங்கள் கையில் இருப்பது நல்லது.

இரண்டாம் வகை அடுக்குமாடிச் சங்கம். இங்கே கதை தலைகீழ். 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதிய சட்டம் நிறைவேறி, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. சுவரும் மாடிப்படியும் நிலமும் பொதுச் சொத்தாக இருப்பதால், இந்தச் சங்கத்தின் துணைவிதிக்கு வீட்டு உரிமையாளர்கள் கட்டுப்பட்டே ஆக வேண்டும். 'குடியிருப்புக்கு மட்டும்' என்று அதில் எழுதியிருந்தால், அதை மதித்து அதற்குள் வழி தேடுங்கள். அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எனக்குத் தொழில் உரிமை தந்திருக்கிறது என்று வாதாடி இங்கே ஜெயிப்பது கடினம். அந்த உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. நீங்களே சேர்ந்து ஒப்புக்கொண்ட விதிக்கு எதிராக அதை நீட்ட முடியாது. குஜராத்தின் சோராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. துணைவிதி என்பது உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் போன்றது, உள்ளே வந்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றது.

மூன்றாம் வகைதான் சிக்கலானது. மலையடிவாரத்தில் வேலி போட்டு, 'வில்லா' என்று பெயர் வைத்து விற்கும் மனைகள். இங்கே சங்கம் இன்னும் உருவாகாமலேகூட இருக்கலாம். தடை உங்கள் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் 'வாங்குபவர் உடன்படும் நிபந்தனைகள்' என்று ஒரு பகுதி வரும். கையெழுத்துப் போடும் அன்று யாரும் அதைப் படிப்பதில்லை, வீட்டில் பால் காய்ச்ச நேரமாகிவிட்டிருக்கும். முழுமையாக விற்றுவிட்ட நிலத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று விற்றவர் நிபந்தனை போட்டால் அது செல்லாது என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 11-ஆம் பிரிவு. அதே பிரிவு ஒரு விலக்கும் தருகிறது: விற்றவருக்கே பக்கத்தில் வேறு மனை இருந்து, அதன் பயன்பாட்டைக் காக்க அந்த நிபந்தனை போடப்பட்டிருந்தால் அது நிற்கும். மனைகள் விற்று முடியாத நிலையில் இந்த விலக்கு விற்றவருக்குச் சாதகமாகப் போகலாம். இந்த இடத்தில் மட்டும் ஒரு சிவில் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். யூடியூப் போதாது.

வீட்டுவசதி வாரிய மனை என்றால் ஒதுக்கீட்டு ஆணையைத் தேடி எடுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் தொழிலுக்கு எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தில், வீட்டைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்துவது காலி செய்யச் சொல்ல ஒரு காரணம்.

இரண்டு துறை, இரண்டு அளவுநாடா

சங்கத்தைச் சமாளித்தாயிற்று என்று மூச்சுவிடும்போது அரசு வந்து நிற்கும். செயலாளரைவிட நான் அதிகம் பயப்படச் சொல்வது மின்வாரியத்துக்குத்தான்.

முதலில் நல்ல செய்தி. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், குடியிருப்பு மண்டலத்தில் எல்லாத் தொழிலையும் தடுக்கவில்லை. அங்கேயே குடியிருக்கும் மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர் போன்றவர்கள் 40 சதுர மீட்டருக்குள் ஆலோசனை அறை வைத்துக்கொள்ளலாம். அன்றாடத் தேவைக்கான சிறு கடை, தனி ஆள் தையல் கடை, அழகு நிலையம் போன்றவையும் அனுமதிப் பட்டியலில் உண்டு. ஆக, 'குடியிருப்பு மண்டலத்தில் தொழிலே கூடாது, அரசு விதி' என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

இப்போது மற்றது. 40 சதுர மீட்டர் என்றால் சுமார் 430 சதுர அடி. மின்கட்டண ஆணையோ, வீட்டோடு ஒட்டிய ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால்தான் வீட்டுக் கட்டணம் என்கிறது. நகரமைப்புத் துறை ஒரு நாடாவால் அளக்கிறது, மின்வாரியம் வேறு நாடாவால் அளக்கிறது. 300 சதுர அடியில் ஆடிட்டர் அலுவலகம் போட்டவர் ஒரு சட்டத்துக்கு நல்லவர், இன்னொன்றுக்குக் குற்றவாளி. அறை கட்டுகிறவர்கள் சின்ன நாடாவுக்குக் கட்டிவிடுங்கள், தொல்லை விட்டது. கைத்தறி நெசவாளரின் வீட்டுத் தறிக்கு வீட்டுக் கட்டணமே போதும். அந்தச் சலுகை உங்கள் தையல் மெஷினுக்கும் மாவு அரைக்கும் இயந்திரத்துக்கும் தானாக வராது.

வீட்டு இணைப்பில் வணிகம் நடப்பதை ஆய்வுக்கு வருபவர் கண்டுபிடித்தால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவு பாயும். பொருந்தும் கட்டணத்தைப்போல இரு மடங்கு. எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். முறுக்கில் வந்த லாபம் எல்லாம் ஒரே ரசீதில் போய்விடும். தொழில் அறைக்குத் தனி மீட்டர் வாங்குவது செலவுதான். ஆனால் வீட்டு இணைப்பின் இலவச யூனிட் உங்களிடமே இருக்கும், வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் தனித்தனியாகத் தெரியும்.

சமையல் தொழிலுக்கு இன்னொரு கண்ணி உண்டு. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரில் விற்பனைக்குச் சமைப்பது விதிமீறல்; 19 கிலோ வணிக சிலிண்டர் வேண்டும். சண்டை வந்தால் அக்கம்பக்கத்தார் முதலில் போட்டோ எடுப்பது வாசலில் இருக்கும் சிலிண்டரைத்தான்.

மற்றப் பதிவுகள் எளிது. உணவு விற்றால், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதும் என்று 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்தன; கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள உத்யம் பதிவு முழுக்க இலவசம், வீட்டு முகவரியே போதும். பிரவுசிங் சென்டரில் இதற்கு ஆயிரம் ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. பொருள் விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம், சேவையில் 20 லட்சம் தாண்டினால்தான். பொருளைச் செங்கோட்டை தாண்டிப் புனலூருக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை, இந்த வரம்பு காப்பாற்றாது. நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி மறக்கும் விஷயம் இது. எல்லை அரை மணி நேரத் தூரத்தில்தானே இருக்கிறது.

தொழில் உரிமம் வேண்டுமா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். எந்த உள்ளாட்சி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தென்காசி நகராட்சியிலிருந்து குற்றாலம் போகும் சில கிலோமீட்டருக்குள் மேலகரம் பேரூராட்சி வந்துவிடும், குற்றாலம் தனிப் பேரூராட்சி, இலஞ்சி இன்னொன்று. தெருவின் இந்தப் பக்கத்துக்கு ஓர் அலுவலகம், அந்தப் பக்கத்துக்கு ஓர் அலுவலகம் என்றும் இருக்கும்.

இந்தச் சான்றிதழ்கள் எதையும் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, 'மத்திய அரசே அனுமதி கொடுத்துவிட்டது' என்று செயலாளரிடம் காட்டாதீர்கள். உத்யம் என்பது நீங்கள் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கான பதிவு. இந்த இடத்தில் செய்யலாம் என்ற அனுமதி அதற்குள் இல்லை.

சீசன் வீடு

குற்றாலத்தில் சங்கங்களுக்குள் வரும் உண்மையான அடிதடி முறுக்குக்கு வருவதில்லை. ஜூனில் சாரல் தொடங்கியதும் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்களால் வருவது. வெள்ளிக்கிழமை இரவு இரண்டு வேன் வந்து நிற்கும். நள்ளிரவில் அருவிக்குப் போய் ஈரத்தோடு திரும்புவார்கள், எண்ணெய் வழிய மாடிப்படி ஏறுவார்கள், தண்ணீர்த் தொட்டி சனிக்கிழமை காலையில் காலி. பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் நியாயமானது என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்தத் தொழிலில் இறங்க வேண்டும்.

'ஹோம் ஸ்டே' என்ற சொல்லை எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் அதற்குப் பொருள் தெளிவாக இருக்கிறது: உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், விருந்தினருக்கு ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம். சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் சென்னையில் இருந்தால் அது ஹோம் ஸ்டே ஆகாது. அதை லாட்ஜ் என்று சங்கம் சொன்னால் பதில் சொல்ல வழியிருக்காது. மாநிலச் சுற்றுலாத் துறையும் ஹோம் ஸ்டே நடத்துபவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று வழிமுறை வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிய வேண்டும். துபாயிலிருந்து வரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மருமகனின் நண்பருக்கும் இது பொருந்தும்.

என் கருத்தைக் கேட்டால், அடுக்குமாடி வீட்டில் நாள் வாடகைத் தொழிலைத் தொடங்கவே வேண்டாம். தனி வீடு, தனிக் கிணறு, வண்டி நிற்க உள்ளே இடம் — மூன்றும் இருந்தால் யோசிக்கலாம்.

இன்னொரு பக்கம், சத்தமே இல்லாத தொழில்கள் இருக்கின்றன. 2011-ல் மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் வந்த பிறகு, மடிக்கணினி வைத்து வேலை செய்வதைத் தென்காசி அதிசயமாகப் பார்ப்பதில்லை. மென்பொருள், மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுதல், ஆன்லைன் வகுப்பு — இவை எந்தச் சங்கத்தின் கண்ணிலும் படாது. பெயர்ப் பலகை மாட்டாத வரை.

எப்படிப் பேசுவது

தடை விதி இருக்கிறது, அதை மீறவும் மனமில்லை என்றால் விதியைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். இதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். நம் தெருவில் யாராவது ஒருவருக்கு அங்கே மகளோ தம்பியோ இருப்பார்கள். அரசு அடுக்குமாடி வீடுகளில் சிறுதொழிலுக்கு அங்கே தனி அனுமதியே தேவையில்லை. பலகாரம் செய்யலாம், தைக்கலாம், டியூஷன் எடுக்கலாம். எல்லைகள் மட்டும் கறாராக இருக்கும்: வெளி ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, பலகை மாட்டக் கூடாது, பெரிய இயந்திரம் கூடாது, டியூஷனுக்கு ஒரு நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் கூடாது. தொழிலின் பெயரைப் பார்த்துத் தடுக்காமல், பக்கத்து வீட்டுக்கு என்ன தொல்லை என்பதைப் பார்த்து வரைந்த கோடு. அந்தக் கோட்டை அப்படியே தமிழில் எழுதிப் பொதுக்குழுவுக்குக் கொண்டுபோகலாம்.

கடிதத்தில் தொழில் பெருமை வேண்டாம். அவர்கள் பயப்படுவதற்குப் பதில் மட்டும் எழுதுங்கள். வாடிக்கையாளர் வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எண்ணெயும் குப்பையும் எங்கே போகும், தனி மீட்டர் இருக்கிறதா. கிரைண்டர் ஓடும் தொழில் என்றால் ஒலி பற்றியும் எழுதுங்கள்: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. ஆறு மாதச் சோதனைக் காலத்துக்கு அனுமதி கேளுங்கள். 'எப்போதைக்கும்' என்றால் தயங்குகிற கை, 'ஆறு மாசம் பார்ப்போம்' என்றால் எழும்பும்.

மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அபராதம் போட்டால், துணைவிதியின் எந்த எண் அதற்கு இடம் தருகிறது என்று கேளுங்கள். மின் இணைப்பு உங்களுக்கும் வாரியத்துக்கும் இடையிலானது, அதில் சங்கம் கைவைக்க முடியாது. கைவைத்தால் காவல் நிலையத்துக்கும் வாரியத்துக்கும் ஒரே நாளில் புகார் கொடுங்கள். சங்கம் உங்களை உண்மையிலேயே நிறுத்த விரும்பினால் சிவில் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்க வேண்டும்; நீங்களும் அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் புகையும் சத்தமும் உண்மையாகவே இருந்தால் சங்கமே வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும். பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிட அவருக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த மனு வராமல் பார்த்துக்கொள்ள மலிவான வழி, முதல் ஈடு முறுக்கை இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிடுவது.

கடிதத்தை ஏப்ரலில் கொடுங்கள். ஜூன் வந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் செயலாளர் அண்ணாச்சி வீட்டிலேயே மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருப்பார்கள். பொதுக்குழு கூட ஆள் சேராது.